10 ஆயிரம் அடி, 21 நாள், ராத்திரி சப்பாத்தி... வாக்கிங்கும் டயட்டும் பாதியில் நிற்பது ஏன்?

ஜனவரி முதல் வாரத்தில் சென்னையின் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் காலை 6 மணிக்கு நடைபாதையில் நெரிசல்தான். புது ஷூ, கையில் ஸ்மார்ட் வாட்ச், காதில் இயர்பட்ஸ். பொங்கல் லீவு முடிந்து கரும்பும் தீர்ந்த பிறகு, அதே பூங்காவில் மிஞ்சுவது பெரும்பாலும் பழைய முகங்கள்தான். ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேட்டால், "நமக்கு மனஉறுதி பத்தல" என்பதுதான் வழக்கமான பதில்.

மனஉறுதியைக் குறை சொல்வதற்கு முன்னால், வைத்த இலக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் 10 ஆயிரம் அடி நடக்கணும், 21 நாள் செஞ்சா பழகிடும், ராத்திரி சோத்துக்குப் பதில் சப்பாத்தி. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் சுற்றும் இந்த மூன்று விதிகளும் எங்கிருந்து வந்தன? உண்மையில் எவ்வளவு செய்தால் பலன் கிடைக்கும்?

10 ஆயிரம் அடி யார் சொன்னது?

மருத்துவர் யாரும் ஆராய்ந்து சொன்னதல்ல. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டே யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம், இடுப்பில் மாட்டிக்கொண்டு அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கெய்'. தமிழில் சொன்னால் '10 ஆயிரம் அடி மீட்டர்'. விற்பனைக்கு வைத்த பெயர், 60 ஆண்டுகளில் உலகம் முழுக்க உடற்பயிற்சி விதியாகிவிட்டது. இன்று போன் ஆப்களும் ஸ்மார்ட் வாட்சுகளும் அதையே தொடக்க இலக்காக வைப்பது சகஜம்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு இந்த எண்ணைச் சோதித்து 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சராசரியாக 72 வயதுள்ள 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்தார்கள். தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடியைத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த அலசலும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. 2,000 அடி நடப்பவர்களோடு ஒப்பிட்டால், 7,000 அடி நடப்பவர்களின் இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவு.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. உடம்பு ஏற்கனவே நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் நடப்பார்கள். அதனால் இந்த வித்தியாசம் முழுவதையும் நடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. 2,000 அடியில் இருப்பவர் 4,000-க்குப் போவதுதான் பெரிய லாபம். அவரிடம் 10 ஆயிரத்தைக் காட்டினால், ஒரு வாரம் முட்டி மோதிவிட்டு ஷூவைக் கழற்றி வைத்துவிடுவார்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகள் குறிக்கப்பட்டன. 8 கிலோமீட்டர் என்பது சுமார் 10 ஆயிரம் அடிக்கான தூரம். பாதை இருப்பது நல்லதுதான். ஆனால் முதல் நாளே முழுத் தூரத்தையும் முடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பாதியில் திரும்பி வரலாம், கால்வாசியில்கூடத் திரும்பலாம்.

உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கு எதையும் இலக்காகச் சொல்லவில்லை. அதன் 2020 வழிகாட்டுதல் நேரத்தில் பேசுகிறது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வேலை. மிதமான வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது. அவ்வளவுதான். தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையும் இப்போது இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கும் 6 நிமிடமும் கணக்கில் வரும்.

சென்னையில் நடந்த சோதனை

நடையும் சாப்பாடும் நிஜமாகவே எதையாவது மாற்றுமா? இதற்கான பதிலை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில், 3 ஆண்டுகளில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். தினமும் அரை மணி நேரமாவது நடை, சர்க்கரையும் கொழுப்பும் குறைத்த சாப்பாடு என்று மாற்றிக்கொண்ட பிரிவில் அது 100-க்கு 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் பலன் கிடைத்தது.

இதே குழு 2013-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, உற்சாகம் குறைகிறது என்று கவலைப்படுபவர்களுக்கு இன்னும் முக்கியமானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு, உணவையும் நடையையும் நினைவூட்டும் எஸ்எம்எஸ்கள் வாரத்துக்கு சில தடவை போனது. இன்னொரு பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் கொடுத்த ஆலோசனை மட்டும்தான். 2 ஆண்டு முடிவில், எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. சாதாரண எஸ்எம்எஸ்தான். ஜிம் இல்லை, பர்சனல் டிரெய்னர் இல்லை. மறந்துபோகிற மனுஷனுக்கு யாரோ ஒருவர் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர். சென்னை ஆய்வுகள் பேசுவது இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். இன்னும் திரும்பி வர வழி இருப்பவர்கள் அவர்கள்.

21 நாளில் பழகிடுமா?

இந்த எண்ணின் கதையும் சுவாரஸ்யம்தான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக 'குறைந்தது' 21 நாள் ஆகிறது என்று கவனித்து, 1960-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துபோனது, 21 மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் தேவைப்பட்டது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. (நம்மூரில் மருந்தை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சாப்பிடச் சொல்வார்கள். 21-ஐவிட அது 66-க்குப் பக்கம்தான்.) ஜனவரி 1-ல் நடக்க ஆரம்பித்தவருக்கு மார்ச் முதல் வாரத்தில்தான் அது இயல்பாக வரும் என்றால், ஜனவரி 22-ம் தேதி காலையில் எழ மனசு வராததில் ஆச்சரியமே இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. "ஒரு நாள் போச்சு, இனி எல்லாம் போச்சு" என்று நினைப்பதுதான் ஆபத்து.

உற்சாகம் குறையும்போது என்ன செய்வது?

அமெரிக்காவில் கேட்டி மில்க்மேன் குழு ஒரு வேடிக்கையான சோதனை செய்தது. விறுவிறுப்பான நாவல்களின் ஆடியோவை, ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தார்கள். ஆரம்ப வாரங்களில் அவர்கள் ஜிம்முக்கு வருவது மற்றவர்களைவிட 51 சதவீதம் கூடியது. பிறகு மெல்லக் குறைந்து, தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பிறகு பலன் ஏறக்குறைய காணாமலே போனது. நம்மூருக்கு இதைத் தீபாவளி, பொங்கல் என்று படித்துக்கொள்ளலாம். பிடித்த பாட்டையோ பாட்காஸ்டையோ நடைக்கு மட்டும் என்று ஒதுக்குவது வேலை செய்யும். ஆனால் பண்டிகை லீவு முடிந்த மறுநாள் அதைத் திரும்பத் தொடங்க வேண்டும்.

"நாளையிலிருந்து நடக்கணும்" என்பதைவிட, "பிள்ளையை ஸ்கூலில் விட்டதும் அப்படியே 20 நிமிடம்" என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிவு செய்பவர்கள் அதிகம் நிலைக்கிறார்கள் என்கிறது உளவியல். மழைக்கும் இதுபோல முன்பே ஒரு முடிவு தேவை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வெளியே நடப்பது பாதி நாள் நடக்காத காரியம். அன்றைக்கு அபார்ட்மென்ட் காரிடாரா, மாடிப்படியா, வீட்டுக்குள் 15 நிமிடமா? மழை வந்த பிறகு யோசித்தால் போர்வைதான் ஜெயிக்கும்.

பெண்கள் விஷயத்தில் இது வெறும் உற்சாகப் பிரச்சினை அல்ல. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் அது 42 சதவீதம். வீட்டுவேலையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. காலை 6 மணி என்பது பல வீடுகளில் அப்பா வாக்கிங் போகும் நேரம், அம்மாவுக்கு டிபன் கட்டும் நேரம். அந்த வேலையை யாராவது பகிர்ந்துகொள்ளாமல், "நீயும் நடக்கலாமே" என்று மட்டும் சொல்வதில் அர்த்தம் இல்லை.

இப்போது சாப்பாடு

ராத்திரி சோற்றை விட்டுவிட்டு 4 சப்பாத்தியும் குருமாவும் சாப்பிடுவதை டயட் என்று நம்புகிறவர்கள் ஏராளம். எடைக்கு எடை பார்த்தால் அரிசியிலும் கோதுமை மாவிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

2025-ல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் உணவு ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானிய மாவு என்று மாற்றுவதில் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. அந்த மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, பருப்பு வகைகள், பால் பொருட்கள் மூலம் புரதத்தைக் கூட்டியபோது அபாயம் குறைவதாகத் தெரிந்தது.

பிரச்சினையைத் தமிழே காட்டிக்கொடுக்கிறது. நம் வீடுகளில் "தொட்டுக்க என்ன?" என்றுதான் கேட்போம். காய் என்பது தொட்டுக்கொள்வதற்கு, தட்டு நிறைய இருப்பது சோறு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் தானியம் 250 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம். இவை சமைப்பதற்கு முந்தைய எடை. காலை இட்லி, மத்தியானச் சோறு, ராத்திரி தோசை மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கால் கிலோ.

ஒரே நாளில் தட்டை மாற்ற வேண்டாம். மத்தியானம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, இரண்டு கரண்டி கூட்டோ பொரியலோ சேர்ப்பது முதல் வாரத்துக்குப் போதும். சாயங்காலம் பஜ்ஜி இடத்தில் சுண்டல். ஓட்ஸும் அவகேடோவும் வாங்கி பர்ஸ் காலியாக வேண்டிய அவசியமில்லை. பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் மத்தி மீனும் இதற்குத் தாராளமாகப் போதும்.

டீயை மட்டும் தனியாகக் கவனிக்கணும். நாளுக்கு 25 கிராம் சர்க்கரைதான் எல்லை என்கிறது அதே வழிகாட்டுதல். 2 ஸ்பூன் போட்ட டீயில் சுமார் 10 கிராம். வாக்கிங் முடித்து நண்பர்களோடு ஒன்று, ஆபீஸில் இரண்டு என்றாலே எல்லை தாண்டிவிடும். அந்த முதல் டீயோடு ஒரு வடையும் சேர்ந்தால், அரை மணி நேரம் நடந்து எரித்த கலோரி அங்கேயே திரும்ப வந்துவிடும்.

எடை குறையலையே?

நடையை மட்டும் வைத்து ஒரு மாதத்தில் எடை மிஷினில் பெரிய மாற்றம் தெரியாது. நிறையப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். எடைக்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளக்கலாம். இந்தியர்களுக்கு ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர், பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

சர்க்கரை நோய் ஏற்கனவே இருப்பவர்களுக்கு, எப்போது நடக்கிறோம் என்பதும் முக்கியம். நியூசிலாந்தில் 41 பேரிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு ஒரே தடவையாக 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அது 22 சதவீதம். 10 நிமிடம் என்பது தெருமுனை வரை போய்வரும் நேரம்.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், நடையைக் கூட்டுவதற்கும் சோற்றைக் குறைப்பதற்கும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். வெளியே போகும்போது பாக்கெட்டில் மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நின்று உட்கார வேண்டும். நெஞ்சு வலி அடங்கவில்லை என்றால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.