டேவின் முகப்பு அட்டை: ரசிகர் லெவல்களை மதிப்பிடும் வழக்கின் தொடக்கம் குறித்து

தாவிக் குதித்து முன்னேறும் வீடியோ கேம்களுக்கு விளையாடுபவர்களே புதிய லெவல்களைக் கட்டுவதும், இசை அமைப்பதும், அவற்றை மற்ற ரசிகர்கள் எடைபோடுவதும் இன்று தனி உலகமாகவே வளர்ந்துவிட்டன. இந்த எடைபோடும் வழக்கின் தொடக்கத்தை ஆராய்பவர்கள் டேவிட் குஷ்னரின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்' (2003) நூலைத் தாண்டிப் போக முடியாது. அந்நூலின் முக்கியமான ஓர் இடத்தைக் குஷ்னர் வாசித்திருக்கும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. 1990 செப்டம்பரில் ஓர் இரவில் உருவான 'டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட்' என்ற மாதிரி ஆட்டத்தைப் பற்றிய பகுதி அது.

டேவைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக் கணினி அறையில் ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் திறக்கப்பட்ட ஆட்டம். கோப்பையை எடுக்காமல் கதவு திறக்காது என்பதை ஒரு தலைமுறையே மனப்பாடமாக அறியும். ஜான் ரொமெரோ எழுதிய அந்த ஆட்டத்துக்கு 1988 என்றும் 1990 என்றும் இரு ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. ஆப்பிள் 2 கணினிக்கான வடிவத்தையும் நாம் ஆடிய டாஸ் வடிவத்தையும் ஒன்றாக எண்ணியதால் வந்த குழப்பம் இது என்பது என் கருத்து. ஆனால் இங்கே பேசப்படும் மாதிரி ஆட்டம் அதுவல்ல. அதில் டேவ் இருக்கிறான். அவன் நிற்கும் நிலம் அவனுடையதல்ல.

நடந்தது சுருக்கமாக இது. லூயிசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கார்மக், நின்டென்டோ ஆட்டங்களில் காண்பது போலத் திரை வழுக்கிக்கொண்டு நகர்வதைச் சாதாரண கணினியிலும் கொண்டுவர ஓர் உத்தியைக் கண்டார். திரை முழுவதையும் மறுபடி வரையாமல் மாறிய கட்டங்களை மட்டும் வரைவது அந்த உத்தி. உடனிருந்த டாம் ஹால் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தின் முதல் லெவலைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டம் கட்டமாகப் படியெடுத்தார். மாரியோ இருக்க வேண்டிய இடத்தில் டேவை நிறுத்தினார்கள். ஃபிளாப்பி ரொமெரோவின் மேசைக்குப் போனது. செப்டம்பர் 20 காலையில் அவர் அதை ஓட்டிப் பார்த்து, இனி இந்த நிறுவனத்தில் இருப்பதில் பொருளில்லை என்ற முடிவுக்கு வந்தார். அடுத்து, மாரியோ ஆட்டத்தின் கணினி மாதிரி ஒன்றை அவசரமாகத் தயாரித்து நின்டென்டோவுக்கு அனுப்பினார்கள். வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் கணினிச் சந்தையில் எங்களுக்கு நாட்டமில்லை என்ற பொருளில் பதில் வந்தது. அவர்கள் 'கமாண்டர் கீன்' பக்கம் திரும்பினார்கள். அது 1990 டிசம்பர் 14 அன்று வெளிவந்தது. 1991 பிப்ரவரி 1 அன்று அவர்களுடைய நிறுவனமான இட் சாஃப்ட்வேர் பிறந்தது.

இந்த நிகழ்வுகளில் எனக்குக் குஷ்னரோடு பிணக்கில்லை. அவர் இவற்றுக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தின் வரிசையில்தான் பிணக்கு. அவர் பார்வையில் அந்த இரவு ஒரு பொறியியல் வெற்றி. திரை நகர்ந்தது, அதனால் ஒரு நிறுவனம் பிறந்தது, அதிலிருந்து 'டூம்' வந்தது. ஹால் படியெடுத்த லெவல் அவருக்கு வெறும் சோதனைப் பொருள். நின்டென்டோவின் மறுப்பு நாயகர்களின் பாதையில் வந்த ஒரு தடைக்கல். பிறகு நடந்ததை அறிந்த ஒருவர் முன்பு நடந்ததை வரிசைப்படுத்தும் முறை இது. 'டூம்' என்ற கடைசி அத்தியாயத்தைக் கையில் மூடிவைத்துக்கொண்டு 1990 செப்டம்பரை மட்டும் பார்த்தால் கண்ணில் படுவது வேறு. பிறர் ஆட்டத்தின்மேல் தீராத ஆசை கொண்ட இருவர் அதன் ஒரு லெவலைத் தம் கையால் மறுபடி கட்டுகிறார்கள். மூன்றாமவர் ஒருவர் அதை ஆடித் தீர்ப்புச் சொல்கிறார். பிறகு அந்த ஆட்டத்தின் உரிமையாளர் இன்னொரு தீர்ப்புச் சொல்கிறார். நம் கையில் உள்ள பதிவுகளில், ரசிகர் லெவல் ஒன்று இரண்டு தனித்தனி அளவுகோல்களால் மதிப்பிடப்பட்ட தெளிவான முதல் நிகழ்ச்சி இது என்பது என் வாதம்.

என் வாதம் பெரிதும் சார்ந்திருக்கும் சான்று அந்த மாதிரியின் முகப்பு அட்டை. அதைத் திறந்ததும் தலைப்பு வருகிறது. ஒரு பக்கம் சிவப்புத் தொப்பியுடன் டேவின் முகம். மறுபக்கம் வெள்ளைப் பொய்முடி அணிந்து, கையில் சுத்தியல் ஓங்கிய, சிடுசிடுத்த நீதிபதி ஒருவர். தலைப்போ 'பதிப்புரிமை மீறல்' என்று பச்சையாகச் சொல்கிறது. குஷ்னர் இந்த அட்டையை வர்ணித்துவிட்டு, ரொமெரோ விசையை அழுத்தியதும் திரை நகரும் தருணத்துக்கு ஓடிவிடுகிறார். அவருக்கு இது நண்பர்களின் விளையாட்டுப் பேச்சு.

விளையாட்டுப் பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீதிபதியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொய்முடி ஆங்கில நீதிமன்றத்துக்கு உரியது; அமெரிக்க நீதிபதிகள் அதை அணிவதில்லை. சுத்தியல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு உரியது. ஆங்கில நீதிபதிகள் அதைத் தட்டுவதில்லை. எந்த நாட்டு நீதிமன்றத்திலும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆகவே இது வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வரைந்த படம் அல்ல. தீர்ப்புச் சொல்பவர் என்ற ஒரு பாத்திரம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு எளிதில் அடையாளம் தெரியும் உறுப்புகளை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். லெவலை ஆடத் தொடங்குவதற்கு முன்பே அதை மதிப்பிடும் ஒருவரையும் திரையில் வைத்துவிட்டார்கள் என்பதை நகைச்சுவை என்று மட்டும் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 'இது ஓடுகிறதா?' என்ற கேள்வியை ரொமெரோவிடம் விட்டார்கள். 'இது உங்களுடையதா?' என்ற கேள்வியை அட்டையிலேயே எழுதிவிட்டார்கள்.

ஓர் ஐயத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். அந்த இரவின் உரையாடல்களைக் குஷ்னர் பேட்டிகளின் அடிப்படையில், பத்தாண்டுக்கும் மேல் கழித்து மீட்டெழுதியிருக்கிறார். ஆனால் அட்டை நினைவின் விளைவு அல்ல, நிரலுக்குள்ளேயே இருப்பது. பேட்டியில் சொன்னதும் நிரலில் இருப்பதும் ஒன்றுக்கொன்று இடிக்கும்போது நிரலுக்கே முதலிடம் என்ற எளிய விதியை நான் பின்பற்றுகிறேன்.

நின்டென்டோவுக்கு அனுப்பிய இரண்டாவது மாதிரியின் காலம் இவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 20க்குப் பிந்தியது. 'கீன்' டிசம்பர் நடுவில் வெளிவந்ததால், அதன் வேலைக்கு வேண்டிய வாரங்களைக் கழித்துப் பார்த்தால் மறுப்பு அக்டோபரை ஒட்டி வந்திருக்க வேண்டும். இதற்குமேல் நெருக்க நான் துணியவில்லை. அந்த மாதிரியின் காணொளியை ரொமெரோ 2015இல் வெளியிட்டார். 2021இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள 'தி ஸ்ட்ராங்' அருங்காட்சியகத்துக்கு அதன் ஃபிளாப்பி ஒன்று வந்து சேர்ந்தது. அதைக் கொடுத்தவர் அம்மாதிரியை உருவாக்கியவர்களில் ஒருவர் அல்லர், வேறொரு மென்பொருளாளர். வேலை மாதிரியாக அது அவர் கைக்குப் போயிருக்கிறது. சிறு செய்திதான். ஆனாலும் நின்டென்டோவின் மறுப்போடு அந்த லெவல்களின் கதை முடிந்துவிடவில்லை, உரிமையாளர் தள்ளிய பிறகும் வேறு கண்கள் அவற்றைத் தரம் பார்த்தன என்பதற்கு இது சான்று. குஷ்னரின் 'தடைக்கல்' வாசிப்பில் இந்த மூன்றாவது வாசகருக்கு இடமே இல்லை.

இரு மாதிரிகளையும் அடுத்தடுத்து வைத்தால் இன்னொன்று தெரிகிறது. முதலாவதில் ஒரே ஒரு வேறுபாடு இருந்தது: மாரியோ இல்லை, டேவ் இருந்தான். இரண்டாவதில் அதையும் நீக்கி மாரியோவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உரிமையாளரை நெருங்க நெருங்கத் தம்முடையதைத் தாமே அழித்துக்கொண்டார்கள். நம் இலக்கண மரபு முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தபோது, வழிநூல் முதல்நூலை ஒட்டிச் சென்றாலும் பின்னவனுக்கு வேண்டிய சில வேறுபாடுகள் அதில் இருக்க வேண்டும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் கேட்டார். அந்த அளவுகோலில் டேவின் லெவல் தடுமாறி வழிநூலாகலாம். நின்டென்டோவுக்குப் போனது வெறும் படி. தள்ளப்பட்டது படி என்பதால் குஷ்னர் அளவுக்கு நான் அதற்கு வருந்தவில்லை.

எனக்கு எதிராக 'லோட் ரன்னர்' (1983) ஆட்டத்தைக் காட்டலாம். டக்லஸ் ஸ்மித் எழுதி பிரோடர்பண்ட் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் 150 லெவல்களோடு லெவல் கட்டும் கருவியும் இருந்தது. விளையாடுபவர்கள் கட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 'சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்' வந்தது. இது டேவுக்குப் பல ஆண்டு முந்தியது; ரசிகர் லெவல்களை யாரோ படித்துப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே தேர்ந்தவரும் உரிமையாளரும் ஒருவரே. 'உங்களுடையதா?' என்ற கேள்வி எழவே இல்லை. கருவியைக் கொடுத்தபோதே அனுமதியும் கொடுத்தாயிற்று. இரு அளவுகோல்களும் பிரிந்து நின்றது 1990இல்தான்.

பிரிந்தவை பிறகு சேரவில்லை. 2000இல் 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' ஆட்டத்துக்கு 'லூனார் மேஜிக்' என்ற லெவல் கட்டும் கருவியை ஒரு ரசிகர் வெளியிட்டார். அதன்பின் வந்த ஆட்டங்கள் முழு ஆட்டமாகக் கைமாறவில்லை. மூல ஆட்டத்திலிருந்து வேறுபடும் பகுதி மட்டும் சிறு ஒட்டுக்கோப்பாகப் பகிரப்பட்டது. முதல்நூல் உன்னிடமே இருக்கட்டும், என் வேறுபாட்டை மட்டும் தருகிறேன் என்ற ஏற்பாடு. முகப்பு அட்டை கேட்ட கேள்விக்கு இப்படிக் கோப்பு வடிவத்திலேயே விடை கட்டினார்கள். 'ஓடுகிறதா?' என்பதைச் சோதிக்கத் தன்னார்வலர்கள் வந்தார்கள். மரக்காணத்து உப்பளத்தில் உவர்நீரை நேரே விளைபாத்திக்கு விடுவதில்லை. தேக்கி, வெயிலில் காயவிட்டு, கடுமை ஏறிய பிறகே பாத்திக்குத் திருப்புவார்கள். ரசிகர் காப்பகங்களும் அப்படித்தான்: ஒருவர் ஆடிப் பார்த்து, மீளமுடியாத குழிகள், உடைந்த படங்கள், காரணமில்லாத கொடுமை இவற்றைக் கழித்த பிறகே லெவல் பட்டியலில் ஏறும். காரணமுள்ள கொடுமைக்குத் தனி வகை உண்டு. 2007இல் பரவிய ஜப்பானிய 'கைசோ' லெவல்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கொடுமைதான் அங்கே அழகு.

இசையின் கதை சற்றுப் பிந்தித் தொடங்குகிறது. நாம் ஆடிய டேவில் கணினியின் சிறு ஒலிபெருக்கி கீச்சிட்டதோடு சரி. சூப்பர் நின்டென்டோவில் எட்டுக் குரல்களும் 64 கிலோபைட் ஒலி நினைவகமும் இருந்தன. ரசிகர் இசையமைப்பாளர் அதற்குள்தான் தாளமும் வாத்தியமும் எதிரொலியும் அடைக்க வேண்டும். லெவலை மதிப்பிடுபவர் குழியைத் தேடுவது போல, இசையை மதிப்பிடுபவர் எதிரொலி நினைவகத்தில் வழிந்து எழுப்பும் கரகரப்பைத் தேடினார். ஆனால் இசை மதிப்பீட்டின் நுட்பமான விதி வேறிடத்தில் உருவானது. 1999 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ்' கேம் இசையின் ரசிகர் மறுஆக்கங்களை ஒரு நடுவர் குழுவின் முன் வைக்கிறது. மூலமெட்டு பாட்டின் பாதிக்குமேல் அடையாளம் தெரிய வேண்டும். அதேசமயம் மூலத்தை அப்படியே வாசித்தால் தள்ளுபடி. பவணந்தியார் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். 1990இல் இரு வேறு வாய்களிலிருந்து வந்த கேள்விகள் இங்கே ஒரே நடுவர் குழுவின் கையில் கலைவிதியாகிவிட்டன. இந்த மாற்றம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்று ஓர் எல்லைக்கல்லை நட நான் விரும்பவில்லை. விதி எழுதப்பட்ட நாளும் அது வழக்கில் இருந்த நாளும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

உரிமையாளர்கள் பக்கத்தில் இரு வழிகள் தோன்றின. ரசிகராக இருந்து வந்த கிறிஸ்டியன் வைட்ஹெட் முதலியோரைக் கொண்டே சேகா நிறுவனம் 2017இல் 'சோனிக் மேனியா'வை வெளியிட்டது. நின்டென்டோ அதற்கு முன்பே, 2015இல் 'சூப்பர் மாரியோ மேக்கர்' மூலம் லெவல் கட்டும் கருவியைத் தானே விற்றது. உரிமைக் கேள்வி தீர்ந்தது. 'ஓடுகிறதா?' என்ற கேள்வியையும் இயந்திரத்திடம் விட்டார்கள்: கட்டியவரே ஒருமுறை முடித்துக் காட்டினால்தான் லெவல் வெளியாகும். மனித மதிப்பீட்டாளரின் இடத்தில் நட்சத்திரக் குறிகள் வந்தன.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை 2024இல்தான் வெளிப்பட்டது. ஏப்ரல் 8 அன்று சேவையகங்கள் மூடப்படும் என்று அறிவிப்பு வந்ததால், யாரும் முடிக்காத லெவல்களை எல்லாம் முடித்துவிட ஒரு ரசிகர் குழு முனைந்தது. கடைசிவரை அசையாமல் நின்றது 'டிரிம்மிங் தி ஹெர்ப்ஸ்' என்ற மிகச் சிறிய லெவல். மார்ச் மாதத்தில் அதைக் கட்டியவரே உண்மையைச் சொன்னார்: முடித்துக் காட்டியது தன் கைகள் அல்ல, விசைகளைக் கருவி கொண்டு அழுத்தச் செய்ததுதான். லெவல் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டது. அதன் பிறகும் ஒரு வீரர் விடாமல் ஆடி, ஏப்ரல் 5 அன்று கையாலேயே அதை முடித்தார்.

அது போலி என்று கழித்தது சரியா? வெளியிட்ட நாளில் சரிபார்ப்புப் பொய். மூடுவதற்கு மூன்று நாள் முன்பு மெய். கழித்தவர்கள் கட்டியவரின் நேர்மையை அளந்தார்கள். ஏப்ரல் 5 வீரர் லெவலை அளந்தார். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் கட்டப்பட்ட நாளில் முடிக்கக்கூடியதாக நிறுவப்படாத ஒன்றை லெவல் என்று எப்போதிலிருந்து அழைப்பது என்ற கேள்விக்கு, முழுமையாக முடிக்கப்பட்ட பட்டியலை வைத்திருப்பவர்களும் விடை சொல்லவில்லை.