நல்லார்பர்: தண்ணீர் வகுத்த பாதை

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை சுமார் 1,660 கிலோமீட்டர் நீளும் எயர் நெடுஞ்சாலை, கூடாரமும் கேரவனும் கொண்டு நாள்கணக்காக ஊர்ந்து செல்பவர்களுக்குப் பிடித்த வழி. கிழக்கே இளஞ்சிவப்புக் கிரானைட் குன்றுகள். நடுவே மரமே இல்லாத சுண்ணாம்புக்கல் சமவெளி. தெற்கே கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பண்டா பாறைச்சுவர். பிடித்த இடத்தில் தங்கி, பாறையில் ஏறி, திமிங்கிலம் பார்த்துப் போகும் இந்த நிதானம் மிக அண்மையில் வந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்த நிலத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடந்தார்கள். காரணம் தண்ணீர். இந்தப் பாதையின் வரலாற்றில் தண்ணீர் தொடாத பக்கம் அநேகமாக இல்லை.

நல்லார்பர் சமவெளியின் பரப்பு ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டர். கடலடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய இந்தச் சுண்ணாம்புக்கல் தட்டு, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கடலுக்கு மேலே எழுந்துவிட்டது. மழை குறைவு, பெய்வதையும் பாறை உறிஞ்சிக் கீழே விட்டுவிடுகிறது. அதனால் இங்கே ஆறு கிடையாது, ஓடைகூடக் கிடையாது. நீர் அரித்த குகைகள் நிலத்தடியில் விரிந்து கிடக்கின்றன. சமவெளியின் இரு பக்கங்களிலும் உள்ள கிரானைட்டின் குணம் இதற்கு நேர் எதிரானது. அது சொட்டு நீரையும் உள்ளே விடாது. மழைநீர் பாறையின் மேல் வழிந்து குழிகளில் சுனையாகத் தேங்கும். நீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்ற இந்த வேறுபாட்டை அறிந்தவர்களுக்கே இந்த நிலம் வாழத் தகுந்ததாக இருந்தது.

அந்த அறிவு பூர்வகுடிகளிடம் இருந்தது. கிழக்குக் கரையில் விராங்கு மக்கள், பாறைச்சுவரை ஒட்டி மிர்னிங் மக்கள், மேற்கே பல்லடோனியா, நார்ஸ்மன் பக்கம் ஙாஜு மக்கள். வெயிலில் வற்றாமலும் விலங்குகள் விழுந்து கெடாமலும் இருக்க, பாறைச்சுனைகளின் வாயைக் கல்லாலும் தழையாலும் மூடிவைப்பது அவர்கள் வழக்கம். கடற்கரை மணல்மேடுகளில் எங்கே தோண்டினால் நல்ல நீர் ஊறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சமவெளியின் அடியில் இருக்கும் கூனால்டா குகையில், வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குப் போய் அவர்களின் முன்னோர் தீக்கல் வெட்டி எடுத்தார்கள். மெத்தென்ற சுவர்களில் விரலால் கோடுகள் இழுத்தார்கள். 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான அந்தக் கோடுகளை அலெக்சாண்டர் கேலஸ் என்ற தொல்லியலாளர் 1950களிலிருந்து ஆராய்ந்து வெளியுலகுக்குக் காட்டினார். பூர்வகுடிகள் ஆஸ்திரேலியாவில் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்ற கணக்கையே அந்த ஆய்வு மாற்றி எழுதவைத்தது.

ஐரோப்பியர்களில் முதலில் நிலவழியாகக் கடந்தவர் எட்வர்ட் ஜான் எயர். 1841 பிப்ரவரி இறுதியில் ஃபவுலர்ஸ் விரிகுடாவிலிருந்து புறப்பட்டார். உடன் மேற்பார்வையாளர் ஜான் பாக்ஸ்டரும், வைலி, ஜோயி, யாரி என்ற மூன்று பூர்வகுடி இளைஞர்களும். ஆஸ்திரேலியப் பெருவளைகுடாவின் முனையில் மணலைத் தோண்டி நீர் எடுக்கும் இடத்தை உள்ளூர் மக்களே காட்டினார்கள். அந்த உதவி கிடைக்காமல் போயிருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கப்பால் நீரின்றி நாள்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. விடியலில் இலைகளின் மேல் படிந்த பனியைப் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து குடித்தார்கள். ஏப்ரல் 29 இரவு ஜோயியும் யாரியும் பாக்ஸ்டரைக் கொன்றுவிட்டு, துப்பாக்கிகளோடும் உணவோடும் சென்றுவிட்டார்கள். அந்த இடம் முழுதும் ஒரே பாறைத்தளம்; குழி தோண்ட வழியில்லை. எயர் உடலைப் போர்வையால் மூடிவிட்டு நடந்தார். வைலி மட்டும் உடன் இருந்தார். ஜூனில், இன்றைய எஸ்பரன்சுக்கு அருகே, நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பலான மிசிசிப்பியைக் கண்டார்கள். அதன் தலைவர் ராசிட்டர் அளித்த உணவாலும் ஓய்வாலும் தேறி, ஜூலை 7 அன்று ஆல்பனியை அடைந்தார்கள். நெடுஞ்சாலைக்கு எயரின் பெயர் கிடைத்தது. வைலியின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல என்பதைப் பயண விவரங்களைப் படிக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து வந்தது தந்தி. 1875இல் வேலை தொடங்கி 1877 டிசம்பரில் ஆல்பனியும் அடிலெய்டும் கம்பியால் இணைந்தன. நீர் கிடைத்த இடமும், கப்பலில் வந்த பொருள்களை இறக்க முடிந்த இடமும்தான் தந்தி நிலையங்கள் எங்கே அமையும் என்பதைத் தீர்மானித்தன. அதனால் கம்பி கடற்கரையை ஒட்டியே ஓடியது. இரு குடியேற்றங்களின் எல்லையில் இருந்த யூக்லா நிலையம் அவற்றில் முதன்மையானது. இரண்டு பக்கமும் வெவ்வேறு மோர்ஸ் குறியீடு பயன்பட்டதால், ஒரு பக்கத்து ஊழியர் செய்தியை வாங்கி எழுதித் தர, மறுபக்கத்து ஊழியர் அதைத் தம் குறியீட்டில் திரும்ப அனுப்பினார். 1890களில் முயல்கள் பெருகி மணல்மேடுகளின் செடிகொடிகளைத் தின்று தீர்த்தன. பிடிப்பு இழந்த மணல் நகர்ந்து ஊருக்குள் புகுந்தது. 1927இல் தந்தி வேலை உள்நிலத்து ரயில்பாதைப் பக்கம் மாறியதும் ஊர் வெறிச்சோடியது. பழைய நிலையத்தின் கல்சுவர்கள் இன்றும் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன.

1917இல் போர்ட் அகஸ்டாவும் கால்கூர்லியும் ரயிலால் இணைந்தன. அந்தப் பாதையில் 478 கிலோமீட்டர் துளி வளைவில்லாத நேர்கோடு. ரயில் வந்தபின் கடலோர வழிக்குப் பயணிகளிடையே மதிப்புக் குறைந்தது. ஆனால் ரயிலுக்கு முன்பே அந்த வழியில் துணிந்து போனவர்கள் இருந்தார்கள். 1896 இறுதியிலேயே ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற இளைஞர் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்குத் தந்திப் பாதையை ஒட்டி 31 நாளில் சைக்கிளில் போய்ச் சேர்ந்திருந்தார். 1912இல் பிரான்சிஸ் பர்ட்டில்ஸும் சிட் ஃபெர்குசனும் ஃப்ரிமாண்டிலிலிருந்து சிட்னி வரை பிரஷ் வகைக் காரை ஓட்டிச் சென்றார்கள். இவர்கள் எல்லாருக்கும் வழிகாட்டியவை தந்திக்கம்பங்கள்தாம்.

சாலையைப் போட்டது போர். 1941இல், மேற்குக் கரைக்கு நிலவழித் தொடர்பு வேண்டும் என்ற படைத்தேவை எழுந்ததும் வேலை தொடங்கி, அடுத்த ஆண்டே முடிந்தது. அது மண்சாலைதான். சுண்ணாம்புத் தூள் மாவாகக் குழிகளை நிரப்பிவிட, மேலே பார்த்தால் சமதளமாகத் தெரியும். சக்கரம் இறங்கினால் அச்சு முறியும். ஓட்டுநர்கள் அதை புல்டஸ்ட் என்று சொல்லி அஞ்சினார்கள். 1950இல் பெட்ரோல் பங்கீடு நீங்கியதும் சொந்தக் காரில் நாட்டைப் பார்க்கும் ஆசை குடும்பங்களில் பரவியது. 1954இல் ரெடெக்ஸ் கார் பந்தயம் பெர்த் வழியாகச் சென்றது. 1962இல் பெர்த்தில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குக் கிழக்கிலிருந்து காரில் கிளம்பியவர்களுக்காகக் கைகுனாவில் பெட்ரோல் நிலையத்தோடு ஓய்விடம் எழுந்தது. அப்போதும் காரை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தாமும் ரயிலில் போனவர்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதி 1969இல் தார்ச்சாலையானது. தென் ஆஸ்திரேலியப் பகுதி முழுமையாக முடிந்தது 1976 செப்டம்பரில்.

ஆர அமரப் போவது அதன்பிறகுதான் சாத்தியமாயிற்று. கைகுனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் நேர்ச்சாலையை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிட முடியும் என்றால், மிச்ச நேரத்தைக் கடலோரத்தில் செலவிடலாம் அல்லவா? பழைய எயர் தந்தி நிலையம் 1977இல் பறவை ஆய்வகமானது. 1979இல் நல்லார்பர் தேசியப் பூங்கா அமைந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை குட்டி ஈனப் பெருவளைகுடாவின் முனைக்கு வரும் தெற்கத்தித் திமிங்கிலங்கள், ஒரு காலத்தில் மிசிசிப்பி போன்ற கப்பல்களால் வேட்டையாடப்பட்டவை. இன்று அவற்றைக் கரையிலிருந்து பார்க்கவே கூட்டம் வருகிறது. 2009இல் திறந்த கோல்ஃப் மைதானத்தின் 18 குழிகள் 1,365 கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கின்றன. ஓட்டுநர்களை இறங்கி ஓய்வெடுக்க வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறு அமைந்ததாகத் தெரியவில்லை.

கிரானைட் பாறைகளும் இந்தப் பயணத்தில் அப்போதுதான் இடம்பிடித்தன. ஸ்ட்ரீக்கி பே அருகே வயலின் நடுவே நிற்கும் மர்ஃபி வைக்கோற்போர்ப் பாறைகளின் கல் 150 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. மின்னிப்பா அருகே பில்டாப்பா பாறையும், மேற்கே ஹைடனில் அலைப்பாறையும் அடிப்பக்கம் குடைந்து அலை சுருண்டாற்போல் நிற்கின்றன. காற்று செதுக்கியது என்று பலர் நினைப்பார்கள். அடிவாரத்து மண்ணில் தேங்கிய ஈரம் நிலத்தடியில் பாறையை அரித்து, பின்னர் மண் விலகியதால் வந்த வடிவம் அது என்று புவியியலாளர் ட்வைடேல் விளக்கினார். இரு பாறைகளின் மேலும் குடியேறிகள் எழுப்பிய தாழ்ந்த சுவர்கள், ஏரிக்கு வரத்துக்கால் வெட்டியதுபோல் மழைநீரைத் தொட்டிக்குத் திருப்புகின்றன. அலைப்பாறையின் சுவர் 1928இல் கட்டியது. பூர்வகுடிகள் சுனையாகக் கண்டதையே குடியேறிகள் அணையாக்கினார்கள்.

பயணிகள் பெருகியதன் விலையைக் கூனால்டா கொடுத்தது. 2014இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவித்த குகை அது. பொதுமக்கள் நுழையத் தடை உண்டு. இருந்தும் யாரோ வேலியை மீறி உள்ளே போய் விரல்கோடுகளின் மேல் எழுத்துகளைக் கீறிவைத்தது 2022இல் வெளியே தெரிந்தது. மெத்தென்ற சுண்ணாம்புச் சுவர் என்பதால், கீறலை நீக்கினால் அடியில் உள்ள கோடுகளும் போய்விடும். மிர்னிங் மூத்தோர் அதற்கு முன்பே கூடுதல் காவல் கேட்டிருந்தார்கள்.