தொட்டிக்கு வந்த சிப்பி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பழைய வீடுகளில் சிப்பிக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் அது செத்த பிறகுதான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிச் சுவருக்குச் சுண்ணாம்பாகப் பூசினார்கள். சதையோடு கிடைத்த மட்டி குழம்புக்குப் போயிற்று. சிப்பியை உயிரோடு வைத்து வளர்க்கும் வேலை தமிழகக் கடற்கரைக்கு முத்தாசையால் வந்தது.

சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் முத்துச்சிப்பியை வளர்த்துப் பார்த்தார். உருண்டை முத்து மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதை 1973இல் வேப்பலோடையில் எடுத்துக் காட்டியவர்கள், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும்.

முத்துதான் பேசப்பட்டது. வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியதோ 1981இல் தூத்துக்குடியில் நடந்தது: சிப்பியின் முட்டையையே தொட்டியில் பொரிக்க வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளுக்கு ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியைத் தனியே வளர்த்து, பழுப்பு நீராக ஊற்ற வேண்டும். மூன்று வாரம் நீந்தித் திரிந்த பிறகே அவை ஒட்டி உட்காரும். அதற்குள் தண்ணீர் கெட்டால் அத்தனையும் போச்சு.

வீட்டுத் தொட்டிகளில் வைக்கும் ராட்சத மட்டிக்குச் சாப்பாடு வேறு வழியில் வருகிறது. அதன் சதை மடிப்பிலேயே பாசி குடியிருக்கிறது. வெயிலில் பாசி சமைக்க, மட்டி சாப்பிடுகிறது. அதனால்தான் தெளிந்த உப்புநீர், வலுவான வெளிச்சம், ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து என்று அது கேட்கிறது. ஆற்று வண்டல் கலக்கும் புதுச்சேரிக் கடல் அதற்கு ஒத்துவராது. இந்தியாவில் லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் பவளத்திட்டுகளே அதன் முக்கிய இருப்பிடம்.

1980களில் பசிபிக்கின் பலாவ் நாட்டில் அதைப் பண்ணையில் பெருமளவு பொரிக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வீட்டுத் தொட்டிகளுக்குப் பண்ணை மட்டி போனது அதற்குப் பிறகுதான். 1985இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தம் ராட்சத மட்டிக் குடும்பம் முழுவதன் பன்னாட்டு வணிகத்துக்கும் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியா 2001இல் டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஹிப்போபஸ் என்ற மூன்று ராட்சத மட்டி வகைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை.

பாகூரில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவரிடம் யாராவது அனுமதிச் சீட்டில்லாமல் நீலப் புள்ளி ராட்சத மட்டியை நீட்டினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.