சாய்ந்த எழுத்தின் கதை

ஆங்கில நாவல் படிக்கும் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நேராக நிற்கும் எழுத்துக்களின் நடுவே இரண்டொரு சொற்கள் மட்டும், காற்றில் நாற்று சாய்வது போல, வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆசிரியர் அவற்றை அழுத்திச் சொல்கிறார் என்று பொருள். இந்த எழுத்துக்கு 'இட்டாலிக்' என்று பெயர். கல்லூரி நாட்களில் இதை வெறும் அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். பின்னர் இதன் சரித்திரத்தைப் படித்தபோது, அந்தச் சாய்வுக்குள் ஒரு தொழிலாளியின் மனக்குறையும் இருப்பது தெரிந்தது.

வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பண்டிதர் அச்சுக்கூடம் நடத்தினார். அக்காலத்தில் பெரும் காவியங்களை மேஜைமேல் விரித்துவைத்துத்தான் படிக்க வேண்டும். அவ்வளவு பெரிய புத்தகங்கள். அவற்றைக் கையில் எடுத்துச் செல்லும்படி செய்ய ஆல்டஸ் ஆசைப்பட்டார். 1501-இல் வர்ஜில் கவியின் நூலைச் சிறிய அளவில் வெளியிட்டார். புத்தகம் முழுவதுமே சாய்ந்த எழுத்து! கற்றறிந்தவர்களும் அரசாங்க எழுத்தர்களும் விரைந்து எழுதிய அழகிய கையெழுத்துத்தான் அதற்கு முன்மாதிரி. பெரிய எழுத்துக்கள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. அழுத்திச் சொல்வதற்கு மட்டும் சாய்ந்த எழுத்து என்ற வழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

ஆல்டஸ் ஆசைப்பட்டார், சரி. எழுத்தைச் செய்தது யார்? பொலோனா ஊரைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ. எஃகுத் துண்டின் நுனியில் ஒவ்வோர் எழுத்தையும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்து அச்சுக்குழி உண்டாக்க வேண்டும். பிறகுதான் ஈயத்தை உருக்கி வார்க்கலாம். மயிரிழை பிசகினாலும் எழுத்தின் முகம் கோணிவிடும்.

ஆல்டஸ் நன்றி மறந்தவர் அல்லர். வர்ஜில் நூலிலேயே கிரிஃபோவின் கைத்திறனைப் புகழ்ந்து சில வரிகள் அச்சிட்டார். ஆனால் வெனிஸ் அரசு தந்த தனி உரிமையோ ஆல்டஸின் பெயரில்! தாம் செதுக்கிய எழுத்து தமக்கே சொந்தமில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கிரிஃபோ வெனிஸை விட்டுப் போனார். 1503-இல் ஃபானோ நகரில் சொன்சினோ என்ற அச்சகத்தார், இந்த எழுத்தைப் படைத்தவர் கிரிஃபோவே என்று அச்சிலேயே அறிவித்தார்.

தனி உரிமையாவது ஆல்டஸைக் காப்பாற்றியதா? பிரான்ஸில் லியோன் நகரத்தார் அவருடைய புத்தகங்களைக் கூசாமல் காப்பியடித்தார்கள். 1503-இல் அவர் அந்தப் போலிப் பதிப்புகளின் பிழைகளைப் பட்டியல் போட்டு எச்சரிக்கை வெளியிட்டார். அவர்கள் அதையே பிழைதிருத்தமாக வைத்துக்கொண்டார்கள்!

ஆல்டஸ் 1515-இல் காலமானார். மறு வருஷம், பொலோனாவில், ஒரு சச்சரவில் கிரிஃபோ தம் மகளின் கணவனை இரும்புத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டார். எஃகில் மயிரிழை பிசகாத கை அது! பிறகு அவரைப் பற்றிய சுவடே மெல்ல மறைந்துபோகிறது.

பெயருக்காக மனம் கசந்த அந்த எழுத்துக்கு உலகம் இருவர் பெயரையுமே வைக்கவில்லை. இத்தாலியின் பெயரை வைத்துவிட்டது.

என் புத்தகங்களின் அட்டையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தக் கொட்டை எழுத்தை உருவாக்கியவர் யார் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.