மயக்க மருந்தும் நர்ஸும்

அல்சூரில் பி.யூ.சி. படிக்கும் பிள்ளையிடம் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பது யார் என்று கேளுங்கள். டாக்டர் என்பாள். நம் நாட்டில் அதுதான் நடைமுறை. அமெரிக்காவிலோ நர்ஸும் கொடுக்கலாம். அது சும்மா வந்துவிடவில்லை.

1877-ல் பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரில் இதையே தனி வேலையாகக் கற்றவர் சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரி. 1915-ல் கிளீவ்லண்டில் அகதா ஹாட்ஜின்ஸ் இதற்கென்றே பள்ளி நடத்தினார். டாக்டர்கள் தரப்பு வழக்குக்குப் போனது. 1936-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சர்ஜனின் மேற்பார்வையில் நர்ஸ் இதைச் செய்யலாம் என்றது. 2022 முதல் புதிதாகச் சேருகிறவர்கள் முனைவர் நிலைப் பட்டம் வரை படித்தாக வேண்டும்.

பெங்களூரில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் மயக்க மருந்துத் தொழில்நுட்பத்துக்கு பி.எஸ்சி. உண்டு. நல்ல படிப்புதான், வேலையும் கிடைக்கும். ஆனால் அது டாக்டருக்குத் துணை நிற்கும் வேலை. பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அமெரிக்கப் படிப்புக்கு அங்கே செல்லும் நர்ஸ் லைசென்ஸும், ஐ.சி.யூ.வில் குறைந்தது ஒரு வருட அனுபவமும் கட்டாயம். ஆகவே அஸ்திவாரம் பி.எஸ்சி. நர்சிங்.

ஊரில் அக்கா மகளோ அண்ணன் மகளோ விண்ணப்பம் வாங்கும் முன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.