நாழிகை வழியும் பதினேழு மணி நேரமும்

பொம்மனஹள்ளியில் யாரிடமேனும் தேவனஹள்ளி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டரில் விடை கிடைப்பதில்லை. "காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரம், சில்க் போர்டில் சிக்கினால் அதற்கும் மேல்" என்பார்கள். பேச்சு வழக்கின் சோம்பல் இது என்றே நான் முதலில் கருதியிருந்தேன். பழைய அளவைச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கிய பிறகு அக்கருத்தைக் கைவிட நேர்ந்தது. 'நாழிகை வழி' என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில், நடந்து கடக்கும் தொலைவு. காலத்தின் பெயரே இங்கு நீட்டலளவையின் பெயராகவும் நின்றது.

தொலைவைச் சொல்லும் முறையும் கவனத்திற்குரியது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், புகாரைவிட்டுச் சற்றே நடந்த கண்ணகி மதுரை எங்குள்ளது என வினவுகிறாள். கோவலன் முப்பது காதம் என்று நேராகச் சொல்வதில்லை. அவ்வெண்ணை ஆறாகவும் ஐந்தாகவும் பிரித்துச் சொல்கிறான். நடந்து பழகாதவளை வழியின் நீளம் அச்சுறுத்தலாகாது என்னும் கவலை அதில் இருக்கிறது.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வந்தது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானிகள் நால்வரும் பெண்கள். இரு நகரங்களுக்கும் இடையே புவிக்கோளத்தின்மீது மிகக் குறுகிய வழி ஏறக்குறைய 13,990 கி.மீ. தீர்க்கரேகைகள் 160 பாகை விலகியிருப்பதால் அவ்வழி கிழக்கிலோ மேற்கிலோ செல்லாது. வடக்கே ஏறி ஏறக்குறைய 71 பாகை அட்சத்தைத் தொட்டு இறங்கும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தை நம்பினால் இது விளங்காது. அவ்விமானமோ இன்னும் மேலே சென்று வடதுருவத்தின் வழியாக வந்தது. துருவத்தைச் சரியாகத் தொட்டுச் சென்றால் கோட்டின் நீளம் சுமார் 14,370 கி.மீ. ஆகிவிடும். ஆயினும் காற்றின் போக்கு சாதகமாக இருந்தால் நீண்ட வழியே எரிபொருளை மிச்சப்படுத்தக்கூடும். வானிலும் தூரத்தைத் தீர்மானிப்பது கோட்டின் நீளம் மட்டுமன்று.

9ஆம் தேதி இரவு புறப்பட்ட விமானம், சுமார் 17 மணி நேரம் பறந்து, 11ஆம் தேதி விடியுமுன் இறங்கியது. துருவத்தில் அது நெடிய இரவுக் காலம். ஆசியப் பக்கம் இறங்கியபோது அங்கும் பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், அப்பயணிகள் ஜனவரி 10ஆம் தேதியின் சூரியனைக் காணவே இல்லை. நாழிகையைக் கதிரவனை வைத்து எண்ணிய மரபு இப்பயணத்தை எவ்வாறு அளந்திருக்கும் என்பது என்னை இன்னும் விட்டகலாத கேள்வி.

2008 மே மாதம் வரை பயணிகள் விமானங்கள் இறங்கியது எச்.ஏ.எல். நிலையத்தில். எங்கள் பகுதியிலிருந்து அது சுமார் 12 கி.மீ. தேவனஹள்ளியோ 45 கி.மீ. அளவில் இருக்கிறது. வானவழி சுருங்கிய அதே காலத்தில் தரைவழி நீண்டது. (பொம்மனஹள்ளி, தேவனஹள்ளி இரண்டிலும் உள்ள 'ஹள்ளி' நம் 'பள்ளி'யே, கன்னடத்தில் பகரம் ஹகரமானதன் விளைவு.)

மகன் கலிபோர்னியாவில் இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒருமுறை, அவ்வூர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஒரு ராத்திரி தாம்ப்பா" என்றார்.