சிறகை நிறுத்திய வெளிச்சம்

பறக்கும் சிறு பறவையைத் தெளிவாகப் படமெடுக்க வேகமான கேமரா போதும் என்றே பலரும் நினைக்கிறோம். இந்தத் துறையின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஷட்டரின் வேகம் பல பத்தாண்டுகள் கூடிக்கொண்டே வந்தும், மிகச் சிறிய பறவைகளின் சிறகு படத்தில் மங்கலாகவே விழுந்தது. அதை நிறுத்திக் காட்டியது மின்னொளி. பறவை எங்கே வந்து நிற்கும் என்பதை முன்பே அறிந்தவருக்குத்தான் அந்த ஒளியும் பயன்பட்டது.

1882-ல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் சுழலும் தட்டில் வினாடிக்கு 12 படங்கள் பதியும். ஒவ்வொன்றுக்கும் 1/720 வினாடி. கடற்காகத்தின் சிறகு ஏறி இறங்கும் நிலைகளை அதில் வரிசையாகப் பார்க்க முடிந்தது. பெரிய பறவைக்கு அது போதும். செந்தொண்டை ஹம்மிங் பறவைக்குப் போதாது. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் இந்த இனம் நம் தேன்சிட்டுக்கு நெருங்கிய உறவல்ல. வினாடிக்குச் சுமார் 50 முறை சிறகடிக்கிறது. மாரேயின் துப்பாக்கி எடுக்கும் இரு படங்களுக்கு நடுவில் நான்கு சிறகடிப்புகள் முடிந்துபோகும். சிறகு ஒருமுறை கீழே இறங்க 1/100 வினாடி ஆகிறது. சிறகின் நீளம் ஏறக்குறைய 4 செ.மீ., வீச்சு 120 பாகை என்று கொண்டால், அதற்குள் நுனி 8 செ.மீ.க்கு மேல் கடந்துவிடும். ஷட்டர் 1/1000 வினாடி மட்டுமே திறந்திருந்தாலும் நுனி 8 மி.மீ. நகரும். இறகுகள் ஒன்றோடொன்று கலந்து கரைய இதுவே தாராளம்.

1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் எட்ஜர்டன் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை வாயு நிரப்பிய குழாய்க்குள் ஒரே பாய்ச்சலில் விட்டால் மிகக் குறுகிய, மிகப் பிரகாசமான ஒளி கிடைக்கும். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினாலும் பாதகமில்லை. வெளிச்சம் இருந்த கணம் மட்டுமே பதியும். அவருடைய ஹம்மிங் பறவைப் படங்கள் 1947-ல் நேஷனல் ஜியாகிராபிக் இதழில் வந்தன. டூபாண்ட் நிறுவனத் தலைவராக இருந்த கிராஃபோர்ட் கிரீன்வால்ட் இதே வழியில் உழைத்து, 1960-ல் ஹம்மிங் பறவைகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். 1/30,000 வினாடி ஒளியில் சிறகு நுனி 0.3 மி.மீ.கூட நகராது. ஆனால் அத்தனை குறுகிய ஒளி தொலைவுக்கு எட்டாது. விளக்குகளைப் பறவைக்கு மிக அருகில் நிறுத்த வேண்டும். பின்னால் ஏதேனும் ஒன்றை வைக்காவிட்டால் பின்னணி கறுத்துவிடும். எனவே சர்க்கரைநீர்க் குப்பியோ பூவோ வைத்துப் பறவையை வரவழைத்தார்கள்.

வரவழைத்து எடுத்தது இயற்கைப் படமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பறவையின் வாழிடத்தைப் பற்றி அப்படங்கள் பேசுவதில்லை. ஆனால் சிறகின் இயக்கத்தைக் குப்பி மாற்றிவிடாது. மேலேறும்போது சிறகு தலைகீழாகத் திரும்புகிறது என்பதை ஜெர்மனியில் ஸ்டோல்பே, சிம்மர் என்ற ஆய்வாளர்கள் அதிவேகத் திரைப்படம் எடுத்து 1939-லேயே காட்டியிருந்தார்கள். முற்றிலும் வேறு முறை, மின்னொளிப் படங்கள் காட்டிய அதே முடிவு. அந்தப் படங்களை நம்ப எனக்கு இந்தச் சான்று போதும்.

இன்றைய கேமராவுக்கு இதெல்லாம் தேவையில்லை என்பது இன்னொரு மறுப்பு. தகைவிலான் போன்ற பறவைகளைத் திறந்த வெளியில் துரத்திக் குவியப்படுத்தத் தானியங்கிக் குவியம் பேருதவி செய்கிறது. அதை மறுக்க முடியாது. ஹம்மிங் பறவையின் சிறகுக்கு மட்டும் அது விடையாகவில்லை. 1/8000 வினாடி வேகத்திலும் நுனி 1 மி.மீ. நகர்கிறது. அதைவிடப் பெரிய குறை, பெரும்பாலான கேமராக்களில் அந்த வேகத்தில் ஷட்டர் ஒரு மெல்லிய பிளவாகப் படச்சட்டத்தைக் கடந்துபோவது. முழுவதையும் கடக்க 1/250 வினாடி ஆனால், அதற்குள் சிறகு தன் இறக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கை முடித்துவிடும். படத்தின் ஒரு முனையில் ஒரு கணமும் மறுமுனையில் வேறொரு கணமும் பதிந்து, சிறகின் வடிவமே கோணிவிடும். வடிவத்தைச் சரியாக அறிய வேண்டும் என்பவர்கள் அதனால்தான் இன்றும் பூவைச் சுற்றிப் பல ஃபிளாஷ்களை நிறுத்துகிறார்கள்.